மூன்றாவது ஸ்கேனரில்தான் நெகட்டிவ் சரியாக வந்தது

கடைசி நெகட்டிவ் துண்டு நேற்று இரவு முடிந்தது. தொடங்கும்போது ஒரு வார வேலை என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஸ்கேன் செய்வதில் போகவில்லை, எதை வைத்து ஸ்கேன் செய்வது என்று தெரியாமல் தடுமாறியதில் போனது. மறப்பதற்குள் அந்தத் தடுமாற்றத்தை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு அட்டைப்பெட்டிகளும் இருந்தன. ஆல்பங்கள், உறையில் போட்ட நெகட்டிவ்கள், ஸ்லைடுகள், கடிதங்கள், சான்றிதழ்கள், ரசீதுகள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. அத்தனையையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும், கை கடிக்கவும் கூடாது. இதற்கு ஒரே ஒரு கருவி வாங்கினால் போதும் என்றுதான் நம்பியிருந்தேன்.

முதலில் வாங்கியது உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று. நெகட்டிவை ஒரு சட்டத்தில் மாட்டி உள்ளே தள்ளி, பொத்தானை அழுத்தினால் மூன்று வினாடியில் மெமரி கார்டில் படம் வந்துவிடும். அட்டையில் 22 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே இருக்கும் சென்சர் 14 மெகாபிக்சல்தான், மிச்சம் கணக்குப் போட்டு ஊதிப் பெரிதாக்குவது என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை வாங்கிய பிறகுதான் படித்தேன். சொல்லப்போனால் அது ஸ்கேனரே இல்லை. ஒரு விளக்கும், குவியம் மாற்ற முடியாத ஒரு சின்னக் கேமராவும். வெயிலில் எடுத்த படங்களில் வானம் வெறும் வெள்ளையாக வந்தது. படத்தின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. ஜேபெக் கோப்பு மட்டுமே தரும், அதனால் பிறகு திருத்தலாம் என்றாலும் திருத்த உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. நாற்பது படம் எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

இரண்டாவதாக வாங்கியது யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மெல்லிய பிளாட்பெட், அதாவது தட்டைக் கண்ணாடி மேல் தாளை வைத்து எடுக்கும் வகை. காகிதத்துக்கு நன்றாக உழைத்தது, இன்றும் உழைக்கிறது. 4800 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று போட்டிருந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நெகட்டிவைக் கண்ணாடி மேல் வைத்து, மூடிக்குப் பதிலாகப் படம் வரைபவர்கள் பயன்படுத்தும் எல்ஈடி வெளிச்சப் பலகையைக் கவிழ்த்து வைத்தால் ஆயிற்று, இதற்கு ஏன் தனி ஸ்கேனர் என்று கிளம்பினேன்.

வந்த படம் கூர்மையாகத்தான் இருந்தது. ஆனால் நிறம் இல்லை. கலர் நெகட்டிவ், சாம்பல் நிறத்தில், குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகளோடு வந்தது. மூன்று நாள் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. இந்த மெல்லிய வகை சிஐஎஸ் என்னும் சென்சரில் ஓடுகிறது. அந்தச் சென்சருக்கு நிறம் தெரியாது. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்ஈடிகள் மாறி மாறி மின்னும். எது மின்னியபோது எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்பதை வைத்துத்தான் நிறத்தைக் கணக்குப் போடும். நான் மேலிருந்து நிற்காமல் வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டினால், மூன்று முறையும் அதற்கு ஒரே விடைதான் கிடைக்கும். பட்டைகள் வந்தது வெளிச்சப் பலகை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கியதால். இது கைவேலையில் வந்த பிழை இல்லை, யோசனையே பிழை. எத்தனை நாள் மெனக்கெட்டாலும் வந்திருக்காது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. சிஐஎஸ்ஸின் பார்வை கண்ணாடியை ஒட்டியே இருக்கிறது. ஆல்பத்திலிருந்து எடுத்த ஒரு பழைய புகைப்படம் ஓரத்தில் 2 மிமீ வளைந்து எழும்பியிருந்தது. நடுவில் நிற்பவர்கள் தெளிவு, ஓரத்தில் நிற்பவர்கள் மங்கல், அதோடு இருட்டு. தைத்த நோட்டுப் புத்தகங்களின் நடுமடிப்பிலும் இதே கதை.

இத்தனைக்கும் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணினேன். அச்சிட்ட புகைப்படங்கள் 640. 35 மிமீ நெகட்டிவ் படங்கள் 412. ஸ்லைடுகள் 61. பழைய பெட்டிக் கேமராவில் எடுத்த 120 என்னும் அகல ஃபிலிம், சதுரப் படங்கள், 22. காகிதங்கள் ஏறத்தாழ 900 பக்கம்.

அந்த 22தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. 35 மிமீ மட்டும் இருந்திருந்தால் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100 மாதிரி ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர் ஒன்றை வாங்கிவிட்டு மெல்லிய பிளாட்பெட்டோடு சேர்த்து வேலையை முடித்திருப்பேன். கூர்மையில் பிளாட்பெட் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அதில் 120 ஃபிலிம் நுழையாது. எப்சன் வி600 போன்ற, சிசிடி என்னும் வேறு வகைச் சென்சரில் ஓடும் பிளாட்பெட்டுகளில் மூடிக்குள்ளேயே ஃபிலிமுக்கான விளக்கு இருக்கிறது; 35 மிமீ, ஸ்லைடு, 120 மூன்றுக்கும் சட்டங்கள் உண்டு. சிசிடியில் லென்ஸும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிரதிபலிப்புக் கண்ணாடிகளும் இருப்பதால் கொஞ்சம் உயரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரியும். கனமாக, தடியாக இருப்பதன் காரணமும் அதுதான். புதியது என் கைக்கு எட்டவில்லை. அதே வகையில் வேறொரு பழைய ஸ்கேனர், ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்தது, கிடைத்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி என்னால் வந்தவை.

வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன்: டிரைவர், அதாவது ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், கிடைக்கிறதா என்று பார்த்தேன். தயாரித்த நிறுவனத்தின் மென்பொருள் என் கணினியில் ஓடாது என்று தெரிந்தது. பழைய ஸ்கேனர்களுக்கு இது வழக்கமான சங்கடம். 2019இல் ஆப்பிள் கணினிகளுக்கு வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் என்னும் பழைய வகை மென்பொருள்களை முழுவதுமாகக் கைவிட்டதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ ஸ்கேனர்கள் ஒரே நாளில் பரணுக்குப் போயின. லினக்ஸில் இயங்கும் சேன் என்னும் இலவச மென்பொருள் எந்தெந்த மாடலை எவ்வளவு தூரம் ஆதரிக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் வியூஸ்கேன் இன்னும் பல பழைய மாடல்களை உயிரோடு வைத்திருக்கிறது. நான் வியூஸ்கேனை எடுத்தேன். தூசியை நீக்கும் அகச்சிவப்பு வசதி அதில் என் மாடலுக்கு வேலை செய்தது.

ஸ்கேனர் அடாப்டர் இல்லாமல் வந்தது. பின்னால் 24 வோல்ட் என்று எழுதியிருந்தது. முனை எது நேர், எது எதிர் என்று படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அதே ஆம்பியரில் ஒன்று வாங்கினேன். மின்சாரம் கொடுத்ததும் உள்ளே கடகடவென்று பல்சக்கரம் நழுவும் சத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போச்சு, இதுவும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பூட்டு. வண்டியில் கொண்டுபோகும்போது உள்ளிருக்கும் தலை ஆடாமல் இருக்கப் போடுவது. அதைத் திறந்ததும் சத்தமே இல்லாமல் ஓடியது. சிசிடி ஸ்கேனர் பழையதாக வாங்குகிறவர்கள் மின்சாரம் கொடுப்பதற்கு முன் இந்தப் பூட்டைத் தேடுங்கள்.

முதல் புகைப்படம் வந்தது. வெள்ளைச் சட்டையைச் சுற்றிப் பனி படர்ந்த மாதிரி ஒரு ஒளி, கறுப்பு எல்லாம் சாம்பல். அறையை இருட்டாக்கி, கண்ணாடி மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்தேன். கண்ணாடியின் அடிப்பக்கம் முழுக்க வெண்படலம். உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்தும் மசகிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகி வெளியேறுவது கண்ணாடியின் உட்பக்கத்தில் இப்படிப் படிந்துவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது. மூடியைக் கழற்றி, சட்டத்தின் நான்கு திருகுகளையும் எடுத்து, கண்ணாடியைச் சட்டத்தோடு தூக்கினேன். மைக்ரோஃபைபர் துணியில் காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம், பிறகு இன்னொரு துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொஞ்சம். இரண்டையும் துணியில்தான் தெளித்தேன், கண்ணாடியில் நேராகத் தெளிக்கவில்லை. கண்ணாடியின் ஒரு முனையில் அடியில் வெள்ளைப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் வெள்ளை என்றால் என்ன என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதன் மேல் விரலோ ஈரமோ படக் கூடாது. உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிகளை நான் தொடவே இல்லை. ஊதுபந்தால் நாலு ஊது, அவ்வளவுதான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். தெறித்தது.

இருபது நிமிட வேலை. அதே புகைப்படத்தை மறுபடி ஸ்கேன் செய்தபோது கறுப்பு கறுப்பாக இருந்தது.

அடுத்தது ஃபிலிம். இங்கேதான் ஒரு மாதம் போனது, இங்கேதான் அதிகம் கற்றுக்கொண்டதும். சட்டத்தில் மாட்டி 2400 டிபிஐயில் எடுத்த படம் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. டிபிஐயைக் கூட்டினேன், மெத்தென்ற படம் பெரிதானது. ஃபிலிம் சட்டம் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஃபிலிமைப் பிடிக்கிறது என்பதும், லென்ஸ் எந்த உயரத்தைப் பார்க்கிறது என்பதும் ஒத்துப்போகவில்லையோ என்று சந்தேகம். வெர்னியர் காலிப்பரால் அளந்தேன்: ஃபிலிம் 2.6 மிமீ உயரத்தில் இருந்தது. லென்ஸின் உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

150 மிமீ இரும்பு ஸ்கேல் ஒன்றைக் கோடுகள் கீழே பார்க்கும்படி கண்ணாடியில் வைத்தேன். சுழிய முனை கண்ணாடியில், மறுமுனைக்குக் கீழே 6 மிமீ உயரத்துக்குக் காகித அடுக்கு. சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மிமீ, அறுபது தாள் ஆயிற்று. இப்போது ஸ்கேலில் ஒவ்வொரு 10 மிமீக்கும் உயரம் 0.4 மிமீ கூடுகிறது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். 10, 20 பக்கத்தில் அரைமில்லிமீட்டர் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. 70க்கு மேல் தனித்தனியாகப் பிரிந்தன. 90க்குப் பக்கத்தில் கோட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருந்தது, பக்கத்தில் இரும்பின் தேய்ப்புக் கீறல்கள்கூடத் தெரிந்தன. 110க்கு அப்பால் மறுபடி கரைந்தது. 90 என்றால் உயரம் 3.6 மிமீ. என் ஃபிலிம் சரியாக 1 மிமீ தாழ்வாக இருந்திருக்கிறது.

(புகைப்படத்துக்கும் ஃபிலிமுக்கும் ஒரே லென்ஸைப் பயன்படுத்தும் ஸ்கேனர்களில் மட்டும் இந்த வழி சரிவரும். விலை கூடிய சில மாடல்களில் ஃபிலிமுக்கு வேறு லென்ஸ்.)

காலாவதியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டினேன். அந்த அட்டைகளின் தடிமன் 0.76 மிமீ. அதோடு இரண்டு தாள் துண்டு சேர்த்துச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் இருபக்க டேப்பால் ஒட்டினேன். அடுத்த ஸ்கேனை ஆவலாகப் பார்த்தால் படம் முழுக்கப் பச்சை, மேலிருந்து கீழே நீளமான கோடுகள். ஒரு மாலை முழுவதும் விளக்கைச் சந்தேகப்பட்டேன், கம்பியைச் சந்தேகப்பட்டேன், மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கடைசியில் பார்த்தால், சட்டத்தின் மேல் முனையில் காலியாக விட்டிருந்த ஒரு நீளத் துளையை என்னுடைய அட்டைத் துண்டு பாதி மறைத்திருந்தது. அந்தத் துளை வழியாகத்தான் ஸ்கேனர் ஃபிலிம் விளக்கின் வெளிச்சத்தை அளந்துகொள்கிறது. அங்கே ஒரு தூசி கிடந்தாலே படம் நெடுக ஒரு கோடு விழும். நான் அட்டையையே வைத்திருந்தேன். துண்டை அரை அங்குலம் நகர்த்தினேன், சரியாயிற்று.

கூர்மை எவ்வளவு கூடியது என்று சொல்வதற்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். அறையில் எடுத்த படம், பின்சுவரில் தினசரிக் காலண்டர். முன்பு அதில் தேதி ஒரு கறுப்புப் பொட்டு. 1 மிமீ உயர்த்திய பிறகு 17 என்று படிக்க முடிந்தது. எந்த மாதம் என்பது இன்னும் தெரியவில்லை.

அதே படத்தை 1200, 2400, 3200, 6400 என்று நான்கு முறை எடுத்து ஒப்பிட்டேன். 1200க்கும் 2400க்கும் நல்ல வித்தியாசம். 3200இல் கொஞ்சம், கண்ணை இடுக்கிப் பார்த்தால். 6400இல் 17 பெரிதாக இருந்தது, தெளிவாக இல்லை. 35 மிமீ படம் 36×24 மிமீ. 2400 டிபிஐயில் அது 3402×2268 புள்ளிகள், ஏறத்தாழ 7.7 மெகாபிக்சல். டிஃப் என்னும் சுருக்காத 48-பிட் கோப்பாக 46 எம்பி. 6400இல் அதே படம் 330 எம்பியைத் தொடும். 412 படத்துக்கு 19 ஜிபியா 135 ஜிபியா என்பதுதான் கேள்வி. என் ஸ்கேனருக்கு 2400 போதும். அட்டையில் எழுதிய எண்ணுக்கும் லென்ஸ் தரும் விவரத்துக்கும் சம்பந்தம் அவ்வளவுதான்.

ஃபிலிமைக் கண்ணாடியில் நேரடியாக வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வைத்துப் பார்த்தேன். எண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரிவது போல வானவில் வளையங்கள் விழுந்தன. நியூட்டன் வளையங்கள் என்பது அவற்றுக்குப் பெயர். சுருண்டிருந்த துண்டுகளைத் தடிப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தது சரியான வழி.

அகச்சிவப்புத் தூசி நீக்கம் அருமையான வசதி, கலர் நெகட்டிவுக்கு. சாய நிறங்கள் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசியும் கீறலும் மறிக்கும். அந்த வித்தியாசத்தை வைத்து மென்பொருள் அவற்றை அழித்துவிடுகிறது. அது ஓடும்போது ஒரு படத்துக்கு இரண்டரை நிமிடம். கறுப்பு வெள்ளைக்கு மாறும்போது அதை அணைக்க மறந்துவிட்டேன். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான், அது அகச்சிவப்பை மறிக்கும். மென்பொருள் முகங்களையே அழுக்கு என்று நினைத்துத் தேய்த்திருந்தது. பதினெட்டுப் படங்கள் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கோடக்குரோம் ஸ்லைடுகளிலும் இது சரியாக வேலை செய்யாது, அணைத்துவிடுவதே நல்லது.

கலர் நெகட்டிவில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு சாயலில் வந்தது இன்னொரு தொல்லை. இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கும் வெறும் ஆரஞ்சுப் பகுதியை ஒருமுறை அளக்கச் சொல்லி, அந்த அளவைப் பூட்டி வைத்துவிட்டு முழுச் சுருளையும் எடுத்ததும் ஒரே சீராயிற்று.

புகைப்படங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 600 டிபிஐ. 4×6 அங்குலப் படம் அதில் 8.6 மெகாபிக்சல் ஆகிறது. அதற்கு மேல் போனால் காகிதத்தின் நார்தான் தெரிகிறது. பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு மட்டும் 1200. தேன்கூடு மாதிரி மேடுபள்ளம் உள்ள காகிதத்தில் அச்சிட்டவை சில இருந்தன. அவற்றை ஒருமுறை நேராகவும், ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் எடுத்து, இரண்டையும் பொருத்திக் கலந்தால் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மறைகின்றன. பொறுமை வேண்டும், அதனால் ஒன்பது படங்களுக்கு மட்டும் செய்தேன்.

காகிதங்கள் எல்லாம் மெல்லிய ஸ்கேனரில், 300 டிபிஐ. பின்பக்க எழுத்து முன்னால் தெரியும் மெல்லிய கடிதங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் பின்பக்கம் மறைந்துவிடுகிறது. அச்சிட்ட பக்கங்களை டெசராக்ட் என்னும் எழுத்துணரி மென்பொருள் தமிழிலும் படித்துத் தந்தது. கையெழுத்தைப் படிக்கவில்லை, அதை எதிர்பார்க்கவும் இல்லை. தானாகத் தாளை இழுக்கும் ஸ்கேனர் இருந்தால் 900 பக்கம் ஒரு நாளில் முடிந்திருக்கும்தான். ஆனால் மடிப்பில் கிழியக் காத்திருக்கும் கடிதங்களை உருளைகளுக்கு நடுவே விட எனக்கு மனம் வரவில்லை.

செலவு: முதலில் வாங்கிய சின்னப் பெட்டியை ஒரு பங்கு என்று வைத்தால், மெல்லிய ஸ்கேனர் முக்கால், பழைய சிசிடி ஒன்றரை, மென்பொருள் ஒன்று, அடாப்டரும் துணியும் ஊதுபந்தும் சேர்ந்து கால். மொத்தம் நாலரைப் பங்கு. அதில் அந்த ஒரு பங்கு வீண் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எந்தத் துண்டில் என்ன படம் என்று வேகமாகப் பார்த்துப் பிரித்துவைக்க அதைவிட வசதியானது இல்லை. கடைசி இருநூறு நெகட்டிவ்களை அதில் பார்த்துத்தான் வரிசைப்படுத்தினேன். அடுத்த முறை செய்வதானால் எண்ணி முடித்த பிறகே வாங்குவேன். ஃபிலிம் சட்டத்தின் உயரத்தை முதல் நாளே அளப்பேன். அளக்காமல் எடுத்த அறுபது படங்களை மறுபடி எடுத்தது கொடுமை. பழைய ஸ்கேனரை வாங்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப்போவேன்.

புளிப்பு வாடை அடித்த ஒரு சுருளைத் தனியாகக் காகித உறையில் போட்டு வெளியே வைத்திருக்கிறேன். அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வினிகர் வாடை வரும், பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்தேன்.

எல்லாம் முடிந்து சாமான்களை எடுத்துவைக்கும்போது சட்டம் போட்ட ஒரு படம் மிச்சமிருந்தது. ஈரத்தில் புகைப்படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். மெல்லிய ஸ்கேனரில் முன்பு வைத்துப் பார்த்திருந்தேன், வெறும் புகை. நேற்று மரச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு அப்படியே சிசிடியில் வைத்தேன். கண்ணாடி 3 மிமீ. பொட்டு, தோடு, புடவைக் கரையின் கட்டங்கள் வரை வந்திருக்கின்றன.